மூணு நிமிஷம் முடிஞ்சுது

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பை பேங்குக்கு
ஆற்றைத் தாண்டிப் போகவேண்டும்.
மாசம் பிறந்தால் டோக்கன் நாற்பத்தேழு.
ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலி கிடைத்தால்
பதவி உயர்வு வந்தது மாதிரி இருக்கும்.
முட்டி வீங்கின வருஷத்தோடு
அந்தப் போக்குவரத்தை நிறுத்திவிட்டேன்.

இப்போது இட்லி வேகும் நேரத்துக்குள்
கரண்டு பில் கட்டியாகிறது.
சிலிண்டர், வீட்டுத் தீர்வை,
களக்காட்டில் இருக்கும் தங்கச்சிக்கு மாத்திரைப் பணம்.
உயிரோடு இருக்கேன் என்று நவம்பரில் காட்டுவதற்கும்
அதிகாரி கையெழுத்து வேண்டாமாம்.
செல்போன் சொன்னது: கண்ணை இமைக்கவும்.
இமைத்தேன்.
இன்னொரு வருஷத்துக்கு அது போதும்.

ஆனாலும் கொம்பையாவைச் சொல்லணும்.
எங்கள் எக்ஸ்சேஞ்சில் லைன்மேன்.
கொட்டுகிற மழையில் கம்பமேறி
எந்த முடிச்சில் பழுது என்று
விரலாலேயே கண்டுபிடிக்கிற ஆள்.
ஒரு நீல வரியைத் தொட்டு
பதினெட்டாயிரத்தை விட்டார்.
“பையனுக்குத் தெரிஞ்சா
செல்லப் பிடுங்கி வச்சிருவான் யக்கா” என்று
யாரிடமும் வாய் திறக்கவில்லை.
நான் இழுத்துக்கொண்டு போனபோது
ஸ்டேஷனில் அந்தப் பொண்ணு கேட்டாள்,
அன்னைக்கே ஏன் சொல்லல?
வெட்கம் மூணு நாள் எடுத்துக்கொண்டது, அம்மா.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

போன வியாழக்கிழமை எனக்கு வந்தது.
சொதிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுகிற சமயம்.
“மேடம், ஹெட் ஆபீஸ்லருந்து பேசுறோம்,
உங்க அக்கவுண்ட் ராத்திரியோட முடங்கிரும்.
மெசேஜ்ல ஒரு நம்பர் வரும், சொல்லுங்க.”

முப்பத்தோரு வருஷம் காதில் கருவி மாட்டியிருந்தேன்.
சாவுச் செய்தி, பெண் பார்த்த செய்தி,
பம்பாய்க்குப் போனவன் பாக்கிக் கணக்கு,
எல்லாம் என் வழியாகத்தான் போயின.
அதனால் குரலை விட்டுவிட்டு
குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டேன்.
அது ஆபீஸ் இல்லை.
தகரக் கூரை. ஒரு ஃபேன் கிறீச்சிடுகிறது.
நாலைந்து வாய்கள்
இதே ராத்திரியை, இதே முடக்கத்தை
வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கின்றன.

உள்ளங்கையில் செல் ஒருமுறை நடுங்கியது.
ஆறு இலக்கம்.
பத்து நிமிஷம்தான் அதற்கு ஆயுசு.
அதற்குக் கீழே பேங்கே எழுதியிருந்தது,
யாரிடமும் சொல்லவேண்டாம் என்று.
வேலையில் சேர்ந்த அன்றைக்கு
எங்களிடம் எழுதி வாங்கினதும் அதேதான்:
காதில் விழுந்தது வாயில் வரக்கூடாது.
கல்யாண வீட்டுச் சண்டையைக்கூட
இவரிடம் சொன்னதில்லை நான்,
இவர் போகிறவரைக்கும்.
உனக்கா சொல்வேன்?

“லைன்ல இருங்க” என்றேன், பழைய குரலில்.
எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.
அவன் இருந்தான்.
பாலைக் கிண்டினேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.
“மேடம்? மேடம்?” என்றான்.
மறுபடியும், “லைன்ல இருங்க.”
அப்புறம் சொன்னேன்,
“மூணு நிமிஷம் முடிஞ்சுது சார்.
எக்ஸ்டென்ட் பண்ணவா?”

அந்தப் பக்கம் ஃபேன் மட்டும் கிறீச்சிட்டது.
பிறகு அதுவும் இல்லை.

தைரியசாலி என்று நினைக்கவேண்டாம்.
கை நடுங்கினதில் கடவுச்சொல்லை
இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.
(யார் பிறந்தநாளும் இல்லை அது.
வேறெதுவும் கேட்காதீர்கள்.)
மூன்றாவதில் திறந்தது.
இருந்தது எல்லாம்,
கடைசி நாற்பது பைசா வரைக்கும்.
அந்த நம்பரை 1930-க்குச் சொல்லிவிட்டு
கொம்பையாவைக் கூப்பிட்டேன்.

“நெசமாவா யக்கா? எக்ஸ்டென்ட் பண்ணவான்னா கேட்டிய?”
சிரித்தார்.
ஆவணிக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறார்.
இருமல் வந்து, இருமி முடித்து, திரும்பவும் சிரித்தார்.

சொதி திரிந்துபோயிருந்தது.
அப்படியே சாப்பிட்டேன்.